பின்னங்கால் வெளிக்குளம்பு

கொங்கு நாட்டில் கறவை மாடு ஒன்று நொண்டத் தொடங்கினால், வீட்டுக்காரர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது சப்பையையும் முட்டியையும்தான். "சப்பை பிசகிருச்சுங்க" என்று யாராவது சொல்வார். எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவார்கள். சூடு போடும் பழக்கம்கூட இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஆனால் கறவை மாடுகளின் நொண்டலில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது பங்கு குளம்பில்தான் தொடங்குகிறது. அதிலும் பெரும்பகுதி பின்னங்கால்களில். பின்னங்கால்களிலும் வெளிப்பக்கக் குளம்பில். நான் குளம்பு சீவக் கற்றுக்கொள்ள முடிவெடுத்ததற்கு இந்த ஒரு செய்தியே காரணம். ஒரு நோய் இவ்வளவு ஒழுங்காக ஒரே இடத்தைத் தேடி வருகிறது என்றால் அதற்கு ஏதோ ஓர் ஏது இருக்க வேண்டும்; அது தெரிந்தால் கத்தியை எங்கே வைப்பது என்பதும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

யாரிடம் கற்பது என்பதுதான் முதல் சிக்கலாக இருந்தது. நம் ஊர்ப் பக்கம் குளம்பு வேலை தெரிந்தவர்கள் என்றால் லாடம் கட்டுகிறவர்கள்தாம். வண்டிக்காளைகள் அருகிவிட்ட இந்தக் காலத்திலும் எங்கள் பக்கத்துச் சந்தையில் ஒரு பெரியவர் அந்தத் தொழிலை விடாமல் செய்துவந்தார். கயிற்றை உடம்பில் சுற்றி இழுத்துக் காளையைச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி முட்டுக் கொடுத்து, குளம்பின் அடியைச் சமமாகச் சீவி, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு பிறைத்தகடாக வைத்து, ஆணி உயிர்ச்சதையைத் தொடாமல் சுவரின் வழியே வெளிவரும்படி அடித்து, முனையை முறித்து மடக்குவார். அந்தக் கைத்திறத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜெர்சி மாட்டுக்குச் சீவக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் வேறு. "ஏனுங்க தம்பி, நான் கொளம்பச் சமன் பண்றது லாடம் உக்கார்றதுக்குங்க. உங்க மாட்டுக்கு லாடமே இல்லியே. அப்புறம் எதுக்குச் சமன் பண்றமுன்னு தெரிஞ்சுட்டுத்தானே உளியத் தொடோணும்?" அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் விடையில்லை. சினை மாட்டைக் கயிறு போட்டுச் சாய்க்கவே கூடாது என்றும் அவரே எச்சரித்தார். சாய்த்த மாட்டுக்கு வயிறு உப்புவதும், சினை கலைவதும், காலின் நரம்பு அழுந்திப் போவதும் உண்டு.

விடையை எங்கள் பகுதிக் கால்நடை மருத்துவரிடம் பெற்றேன். பாடம் உயிருள்ள மாட்டில் தொடங்கவில்லை. கறிக்கடையில் வாங்கிவந்த பின்னங்கால்களில்தான் தொடங்கியது. சூப்புக்கு வாங்குபவர்கள் மயிர் பொசுக்கிக் கேட்பார்கள், நாங்கள் பொசுக்காமல் குளம்போடு கேட்டோம். ஒரு குளம்பை மேலிருந்து கீழாக நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்துக் கழுவியபோது, படத்தில் பார்த்ததைக் காட்டிலும் அதிகமாக ஒன்று புலப்பட்டது. வெளியே கல்லைப்போலத் தெரியும் குளம்பின் உள்ளே கூம்பு வடிவில் ஓர் எலும்பு தொங்கிக்கொண்டிருக்கிறது. அது அடியில் ஊன்றி நிற்பதில்லை. சுவரின் உட்புறம் எங்கும் மெல்லிய இதழ் இதழாகப் பற்றிப் பிடித்திருக்கும் சதையில்தான் பெரும்பாலும் தொங்குகிறது. எலும்பின் பின்முனைக்கும் குதிக்கும் நடுவே கொழுப்பாலான மெத்தை ஒன்று உண்டு. நுனிப் பக்கம் எலும்புக்குக் கீழே உயிர்ச்சதை ஒரு மெல்லிய படலம்தான். அதற்கும் கீழே ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாத கொம்புப் பொருள். மாட்டின் முழுப் பாரத்துக்கும் தரைக்கும் நடுவே இருப்பது அவ்வளவே. இதைப் பார்த்த பிறகு கத்தியை அழுத்திப் பிடிக்கும் துணிச்சல் எவருக்கும் குறையும். அது குறைவதே நல்லது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய துசான் ராவன் என்னும் கால்நடை மருத்துவர் வகுத்த முறையைத்தான் இன்று உலகின் பெரும்பாலான இடங்களில் அடிப்படையாகக் கற்பிக்கிறார்கள். ஐந்து படிகள் கொண்ட அந்த முறையைவிட, அதற்குப் பின்னாலிருக்கும் அவருடைய விளக்கமே எனக்குப் பெரிதாகப் பட்டது. மாட்டின் பின்னங்கால், இடுப்பு எலும்பின் குழியில் பந்துபோலப் பொருந்தியிருக்கிறது. முன்னங்கால்களைப் போலத் தசையில் தொங்கி அசைவுக்கு இடம் கொடுப்பதில்லை. மாடு நடக்கும்போதும் நின்றபடி அசையும்போதும் உடல் இருபுறமும் ஆட, அந்த ஆட்டத்தின் ஏற்ற இறக்கமெல்லாம் வெளிக்குளம்பிலேயே விழுகிறது. உட்குளம்பின் பாரம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கிறது. அழுத்தம் கூடிய இடத்தில் கொம்புப் பொருள் வேகமாக வளரும். வளர்ந்த வெளிக்குளம்பு உட்குளம்பைவிட உயரமாகி, இன்னும் அதிகமான பாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். அதனால் மேலும் வளரும். எலும்பின் பின்முனைக்கு நேர் கீழே உயிர்ச்சதை நசுங்கி, அங்கே இரத்தம் கசிந்து, கடைசியில் அடிப்பகுதி ஓட்டையாகிப் புண்ணாகும். வலியைக் குறைக்க மாடு முட்டிகளை உள்ளே ஒடுக்கிப் பாதங்களை வெளியே திருப்பி நிற்கும். அப்படி நிற்கும் மாட்டை நாம் "அது பொறப்பே அப்படித்தானுங்க" என்று சொல்லி வந்திருக்கிறோம். சரியாகச் சீவி இறக்கிவிட்ட சற்று நேரத்திலேயே பல மாடுகளில் அந்தக் கோணல் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

லாடக்காரப் பெரியவரின் கேள்விக்கு இதுதான் விடை. உயரத்தைச் சமன் செய்வது, பாரத்தை இரண்டு குளம்புகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பதற்காக.

ஆகவே பின்னங்காலில் கத்தி முதலில் போவது நோயுற்ற வெளிக்குளம்புக்கு அல்ல, நல்ல நிலையிலிருக்கும் உட்குளம்புக்கு. அதுவே அளவுகோல். மேலே மென்மையான தோல் முடிந்து கடினமான கொம்பு தொடங்கும் இடத்திலிருந்து முன்சுவர் வழியாக நுனிவரை 75 மில்லிமீட்டர் அளந்து, மிகுதியை இடுக்கியால் வெட்ட வேண்டும். மிகப் பெரிய ஹோல்ஸ்டீன் மாடுகளுக்கு அது போதாது, 80 முதல் 90 வரை விட வேண்டும் என்ற கருத்து இப்போது வலுத்திருக்கிறது. நம் ஜெர்சிக் கலப்பினங்களுக்கு 75ஐத் தாண்ட வேண்டியதில்லை என்பது என் அனுபவம். சந்தேகம் வந்தால் கூடுதலாகவே விட்டுவிடுகிறேன். நுனியை வெட்டியதும் வெட்டுமுகத்தில் அடிப்பகுதியின் கனம் தெரியும். அது 5 முதல் 7 மில்லிமீட்டர் மிஞ்சும்வரைதான் அடியைச் சீவலாம். உட்குளம்பின் குதியைத் தொடவே கூடாது. அது ஏற்கெனவே தாழ்ந்துதான் இருக்கும். பிறகு வெளிக்குளம்பை அதே நீளத்துக்கும், குதிவரை அதே உயரத்துக்கும் கொண்டுவர வேண்டும். கத்தியின் பிடியை இரண்டு குளம்புகளின்மேலும் குறுக்காகக் கிடத்திப் பார்த்தால், உயரம் ஒத்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். மூன்றாவதாக, இரண்டு குளம்புகளும் ஒன்றையொன்று பார்க்கும் உட்புறத்தில், புண் வரும் அந்த இடத்தைச் சற்றே குழிவாக்கினால் நின்றாலும் நடந்தாலும் அங்கே அழுத்தம் விழாது. சாணமும் சிக்கி நிற்காது. ஏற்கெனவே அடிபட்ட குளம்பாக இருந்தால் அதன் குதியை இன்னும் தாழ்த்துவது நான்காவது. குதியில் அரிக்கப்பட்டுத் தளர்ந்து தொங்கும் கொம்பைச் செதுக்கி எடுப்பது ஐந்தாவது. முன்னங்காலில் கணக்கு தலைகீழ். அங்கே மிகுதியாக வளர்வது உட்குளம்பு, அளவுகோல் வெளிக்குளம்பு.

எழுதிப் பார்க்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. கையில் கத்தி இருக்கும்போது எல்லாமே கட்டைவிரலைப் பொறுத்தது. ஒவ்வோர் இழைப்பு எடுத்தபின்னும் அடியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டை போலிருந்தால் இன்னும் இடம் இருக்கிறது. சிறிதளவாவது அமுங்கினால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். இளஞ்சிவப்பு தட்டத் தொடங்கியிருந்தாலும் அப்படியே. மருத்துவர் எனக்குக் கற்றுக்கொடுத்த நாட்களில் பெரும்பகுதி சாணை பிடிப்பதிலேயே போயிற்று. முனை வளைந்த குளம்புக்கத்திக்கு வலக்கை, இடக்கை என இரண்டு வகை உண்டு. வளைவின் உட்புறத்தை உருண்டை அரத்தால் தீட்ட வேண்டும். மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். அழுத்திப் பிடித்த கத்தி வழுக்கும்போது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆங்கிள் கிரைண்டரில் வட்டத்தகடு பொருத்திச் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை மளமளவென்று முடியும். ஆனால் கிரைண்டர் கைக்கு எதையும் சொல்வதில்லை. கத்தியில் கை பழகியவர் கிரைண்டரை எடுத்தால் சரி, கிரைண்டரிலேயே தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை.

ஒரு குளம்பு மாதத்துக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வளர்கிறது. வளர்வதே சிக்கல் என்றால் மாட்டினம் எப்போதோ அழிந்திருக்க வேண்டும். காங்கேயம் பக்கம் கொறங்காடுகளில் மேயும் நாட்டு மாடுகளைப் பாருங்கள். கிளுவை வேலி அடைத்த காட்டில், வெள்வேல மர நிழலுக்கும் கொழுக்கட்டைப் புல்லுக்கும் நடுவே, சரளை மண்ணில் நாள் முழுதும் நடக்கும் அந்த மாடுகளுக்கு யாரும் குளம்பு சீவுவதில்லை. வளர்வதும் தேய்வதும் அங்கே ஈடாகிவிடுகின்றன. கறுத்து இறுகிய அவற்றின் குளம்பு இனத்தின் கொடை என்பது உண்மைதான். ஆனால் அதே காங்கேயம் பசுவைச் சிமெண்டுத் தளத்தில் கட்டிப்போட்டு, கால் நீண்டு செருப்புபோல மடிந்திருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். நம் கறவை மாடுகளின் கால்நோய், அதன் பெரும்பகுதியாவது, கட்டுத்தறியின் நோய். இரண்டு முழக் கயிற்றில், சிமெண்டின்மேல், சாணமும் கோமியமும் தேங்கிய இடத்தில், கன்று ஈன்றதிலிருந்து வற்றும்வரை நின்றுகொண்டே இருக்கும் ஒரு மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் செய்யும் சீவல், கடனுக்கு வட்டி கட்டுவது போன்றது. அசல் தரையில் இருக்கிறது.

கறவை மாடு ஒரு நாளில் ஏறக்குறைய பாதி நேரம், 12 மணி நேரமாவது படுத்திருக்க வேண்டும். படுத்திருக்கும்போதுதான் காலுக்கு ஓய்வு, குளம்புக்கு உலர்வு. தரை கடினமாகவோ ஈரமாகவோ இருந்தால் மாடு படுக்கத் தயங்கும், நின்றே அசைபோடும். ஈரத்தில் ஊறிய கொம்பு மெத்தென்றாகும். ஊறிய குளம்பைச் சொரசொரப்பான சிமெண்டு தேய்த்தெடுக்கும், குத்தும் கல் உள்ளே இறங்கும். சுவரும் அடியும் சேரும் வெள்ளைக்கோடு பிளந்து மண் ஏறிச் சீழ் வைப்பது பெரும்பாலும் இப்படித்தான். புதிதாகப் போட்ட சிமெண்டுத் தளத்தின் காரத்தன்மையும் குளம்பை அரிக்கும். நன்றாக நீர் விட்டுக் கழுவி ஆறவிடாமல் மாடு கட்டக் கூடாது. 40 அடிக்கு ஓர் அடி வீதம் வாட்டம் இருந்தால் கோமியம் தேங்காது. அதைவிடச் செங்குத்தாக வைத்தால் பின்னங்கால்களுக்குப் பாரம் கூடும்.

ரப்பர் மேட் போட்டால் தீர்ந்தது என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். மாடு விரும்பிப் படுக்கிறது, முட்டியில் தேய்ப்புக் காயம் குறைகிறது, அதில் மறுப்பில்லை. ஆனால் மேட்டின்மேல் நிற்கும் குளம்பு தேய்வதில்லை, ஆகவே சீவும் தேவை கூடுகிறது. அடியில் இறங்கிய கோமியத்தை மேட்டைத் தூக்கிக் கழுவாவிட்டால் அங்கே உருவாகும் சேறு சிமெண்டைவிடக் கெடுதல். எங்கள் தோட்டத்தில் ரப்பர் மேட்டை அகற்றவில்லை. கறவை முடிந்ததும் மாடுகளை அவிழ்த்துவிட, வேப்பமரங்கள் இருக்கும் காலியிடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டோம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் அந்த இடம் சேறாகிவிடுகிறது என்பதால், நுழைவாயிலில் மட்டும் சரளை கொட்டியிருக்கிறோம். நிலம் இல்லாதவர்களுக்கு இந்த வழி கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களிடம் கயிற்றை நீட்டிக் கட்டச் சொல்வதற்கு மேல் நான் எதுவும் சொல்வதில்லை.

அடுத்தது தீவனம். பொங்கல் முடிந்த மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு ஓய்வே கிடையாது. சோறும் பொங்கலும் வயிறு கொள்ளாமல் தின்ற மாடுகள் வயிற்றில் புளிப்பு ஏறிச் சுருண்டு கிடக்கும். அதில் பிழைத்த மாட்டின் கணக்கு அன்றோடு முடிவதில்லை. புளிப்பால் உண்டாகும் கோளாறு குளம்பின் உயிர்ச்சதையைத் தாக்குகிறது. அங்கே கசிந்த இரத்தம் கொம்போடு சேர்ந்து வளர்ந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து அடிப்பகுதியில் சிவந்த கறையாகத் தலைகாட்டும். பங்குனியில் சீவும்போது தையின் பொங்கலைப் பார்க்கலாம். பண்டிகை இல்லாத நாட்களில் அதே வேலையைச் சிறிய அளவில் கஞ்சியும் மக்காச்சோள மாவும் செய்கின்றன, குறிப்பாகக் கன்று ஈன்றவுடன் பாலைக் கூட்டுவதற்காக அடர்தீவனத்தை ஒரேயடியாக ஏற்றும்போது. ஈன்ற மாடு இளைத்தால் குளம்பின் உள்ளிருக்கும் கொழுப்பு மெத்தையும் மெலியும். ஈற்றை ஒட்டிய நாட்களில் எலும்பைப் பிடித்திருக்கும் பிணைப்பும் தளர்ந்திருக்கும். ஈன்ற முதல் மூன்று நான்கு மாதங்களில் நொண்டல் மிகுவதற்கு இவை இரண்டும் சேர்ந்தே காரணம். வைக்கோலையோ தட்டையோ முதலில் கொடுத்து, அடர்தீவனத்தைச் சிறுகச் சிறுகப் பிரித்துக் கொடுப்பதற்குச் செலவொன்றும் இல்லை. பயோட்டின் என்னும் வைட்டமினை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம் வீதம் மாதக்கணக்கில் கொடுத்தால் கொம்பின் தரம் கூடும். வாரக்கணக்கில் கொடுத்துவிட்டுப் பலன் இல்லை என்பவர்களுக்குக் குளம்பு வளரும் வேகம் தெரியாது.

நொண்டலை முன்கூட்டியே கண்டுபிடிப்பது தனிப் படிப்பு. மேலைநாடுகளில் மாட்டை நடக்கவிட்டு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். நிற்கும்போது முதுகு நேராகவும் நடக்கும்போது வளைந்தும் இருந்தால் 2, நிற்கும்போதே வளைந்திருந்தால் 3, ஒரு காலைக் காப்பாற்றி நடந்தால் 4. நம் மாடுகள் நடப்பதே இல்லையே! ஆகவே நின்ற நிலையிலேயே படிக்கப் பழக வேண்டும். ஒரு பின்னங்காலின் நுனியை மட்டும் ஊன்றி ஓய்வு கொடுக்கிறதா, கால் மாற்றி மாற்றி நிற்கிறதா, சாக்கடை விளிம்பில் குதியை வெளியே தொங்கவிட்டு நிற்கிறதா என்று பால் கறக்க உட்காரும் முன் பின்னாலிருந்து பார்த்தால் போதும். கறவை குறைந்த பிறகு நொண்டலைக் கவனிப்பதுதான் நம் வழக்கம். கால் அதற்கு வாரங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது.

புண் இருந்தால், நல்ல குளம்பின் அடியில் மரக்கட்டை ஒன்றைப் பசையால் ஒட்டி நோயுற்றதை அந்தரத்தில் விடுவதே முதல் மருந்து. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, புதிதாக நொண்டத் தொடங்கிய மாடுகளில் சீவலும் கட்டையும் வலிநிவாரணியும் மூன்றும் சேர்ந்தபோதுதான் மிக நல்ல பலன் கிடைத்தது என்று 2015இல் காட்டியது. அவர்கள் பயன்படுத்திய வலிநிவாரணியான கீட்டோபுரோபென், அந்த மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்று இறக்கும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பதற்காக 2023இல் இந்தியாவில் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டுவிட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுகுகள் கூடு கட்டும் மாவட்டங்களுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இந்தத் தடை சரியென்றே நினைக்கிறேன். அதற்கு மாற்றாக மெலாக்சிகாம் என்னும் வலிநிவாரணி இருக்கிறது, மருத்துவர் அதை எழுதித்தருவார். ஒன்றை மட்டும் எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார்கள்: திறந்த புண்ணில் மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) பொடியை அடைப்பது. அது உயிர்ச்சதையை எரித்து ஆறுதலைத் தள்ளிப்போடுகிறது. மயில்துத்தம் 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வீதம் கரைத்துக் குளம்பு நனைக்கும் தொட்டிக்கு உரியது; அதுவும் தோலைத் தாக்கும் தொற்றுகளைத் தடுக்கவே. பயன்படுத்திய கரைசலைத் தீவனப்புல் வரப்பில் ஊற்றினால் செம்பு மண்ணில் சேர்ந்துவிடும். ஆடுகளுக்கு அது நஞ்சு.

கத்தியைத் தொடவே கூடாத நொண்டல்களும் இருக்கின்றன. குளம்புக்கு மேலே இரு பக்கமும் ஒரேயளவாக வீங்கி, காய்ச்சலும், விரலிடுக்கில் அழுகல் நாற்றமும் இருந்தால், அதற்கு ஊசிதான் வழி. வாயிலும் கொப்புளம் இருந்தால் கோமாரி. மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லிவிட்டு மற்ற மாடுகளைப் பிரித்துக் கட்ட வேண்டும். அந்த வீட்டில் பட்ட கத்தியைக் கொதிநீரில் போடாமல் அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

இப்போது பால் வற்றவிடும்போது ஒருமுறையும், ஈன்ற மூன்றாவது மாதத்தையொட்டி ஒருமுறையும் எங்கள் மாடுகளுக்குச் சீவுகிறோம். நிறைமாதச் சினையைத் தொடுவதில்லை. அக்கம்பக்கத்தாரும் மாடுகளைப் பிடித்துவருகிறார்கள். எங்களுக்குக் குறையாக இருந்தது, மாட்டை உள்ளே நிறுத்திப் பிடிக்கும் குழாய்ச் சட்டமான டிராவிஸ்தான். ஊருக்கு ஊர் இருக்கும் டிராவிஸ்கள் சினை ஊசி போடுவதற்கென்று அமைந்தவை. மாட்டை நிறுத்தலாம், காலைத் தூக்க முடியாது. எங்கள் ஊர் வெல்டர் பின்பக்கத் தூண்கள் இரண்டையும் உயர்த்தி மேலே குறுக்குக் குழாய் ஒன்று பற்றவைத்து, லாரியில் பாரம் கட்டும் ராட்செட் பட்டையை அதில் மாட்டிக் கொடுத்தார். பின்முட்டிக்கு மேலே அகலமான பட்டையைச் சுற்றி இறுக்கினால் மாடு உதைப்பதை விட்டுவிடுகிறது. நெஞ்சுக்கடியில் இன்னொரு பட்டை, மடியைத் தொடாமல். குழாய் இரண்டரை அங்குலம் இருக்கட்டும், ஒன்றரை அங்குலக் குழாய் ஒரு ஹோல்ஸ்டீன் உதைத்ததில் வளைந்துவிட்டது.